ஃபைபரா, செம்பா: கேபிள் வாங்குமுன் முடிவு செய்வதும், போடும்போது கவனிப்பதும்

நெட்வொர்க்குக்கு ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழைக் கேபிள்) போடலாமா, செம்புக் கேபிளே போதுமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கட்டிடத்துக்குள் 30 மீட்டருக்கு கேட்6ஏ செம்புக் கேபிளே நொடிக்கு 10 ஜிகாபிட் கொண்டுபோகும். அங்கே ஃபைபரால் கூடுதல் லாபம் இல்லை. முடிவைத் தீர்மானிப்பவை மூன்று: எவ்வளவு தூரம், இரு முனைகளுக்கும் நடுவே மின்தொடர்பு இருக்கலாமா, கடைசி முனையில் உள்ள கருவிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும். இந்த மூன்றையும் தாளில் எழுதிக்கொண்ட பிறகு விலை கேளுங்கள்.

எங்கே ஃபைபர் ஜெயிக்கிறது

தூரம்தான் முதல் காரணம். செம்பு ஈதர்நெட் கேபிளின் எல்லை 100 மீட்டர். சாதாரண கேட்6-இல் 10 ஜிகாபிட் ஓட்டினால் 55 மீட்டரிலேயே நின்றுவிடும். சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் போகும் மெல்லிய உட்கரு கொண்ட) ஃபைபரிலோ 10 கிலோமீட்டர் என்பது, ஸ்விட்சில் செருகி ஒளியை அனுப்பிப் பெறும் சாதாரண மாட்யூலுக்கே எட்டும் தூரம். இழப்பு அவ்வளவு குறைவு: 1310 நானோமீட்டர் ஒளியில் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல், 1550-இல் ஏறக்குறைய 0.2. மூன்று டெசிபெல் இழந்தால் ஒளி பாதியாகும். ஆக 1550-இல் 15 கிலோமீட்டர் ஓடிய பிறகும் பாதி ஒளி மிச்சம் இருக்கும். 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்காமும் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்குள் இழப்பை அடக்கினால் கண்ணாடி இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று எழுதினார்கள். அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்ததும் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே போதும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. கார்னிங் நிறுவனம் 1970-இல் அந்த எல்லையைத் தாண்டியது.

இரண்டாவது, கண்ணாடியில் மின்சாரம் பாயாது. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே செம்புக் கேபிள் இழுத்தால் இரண்டின் எர்த்துக்கும் உள்ள மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகவே சமனாகப் பார்க்கும். பக்கத்தில் இடி விழுந்தால் இரு பக்கத்து நெட்வொர்க் ஸ்விட்சுகளும் போய்விடும். கட்டிடம் விட்டுக் கட்டிடம் போவது 40 மீட்டரே ஆனாலும் ஃபைபரைத்தான் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெரிய மோட்டார், வெல்டிங் இயந்திரம், உயர் அழுத்த மின்கம்பி இவற்றின் அருகில் போனாலும் சிக்னலில் இரைச்சல் ஏறாது. ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. எலிக்கும் மண் அழுத்தத்துக்கும் பயந்து எஃகுக் கவசம் போட்ட கேபிளை வாங்கினால், அந்தக் கவசம் மின்சாரத்தைக் கடத்தும். தூணில் தொங்கும் கேபிளின் எஃகுக் கம்பியும் அப்படியே. கவசத்தைக் கட்டிடத்தின் நுழைவிலேயே வெட்டி எர்த் செய்யுங்கள். இடி அதிகம் விழும் இடமென்றால் உலோகமே இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, போட்ட கேபிளைப் பிறகு மாற்ற வேண்டாம். ஒரு ஜிகாபிட்டுக்குப் போட்ட சிங்கிள் மோட் இழையிலேயே மாட்யூலை மட்டும் மாற்றி 10, 100 ஜிகாபிட் ஓட்டலாம். மல்ட்டி மோடுக்கு (ஒளி பல பாதைகளில் போகும் அகன்ற உட்கரு கொண்ட இழை) இது பொருந்தாது, பழைய 62.5 மைக்ரான் ஓஎம்1 ரக இழை சாதாரண குறுந்தூர மாட்யூலில் 10 ஜிகாபிட்டை 33 மீட்டருக்கு மேல் தாங்காது.

ஃபைபரில் சிக்னல் மின்னல் வேகத்தில் பறக்கிறது என்ற பேச்சை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது, கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி. செம்பிலும் ஏறக்குறைய இதே வேகம்தான். கூடுவது ஒரே நேரத்தில் அனுப்பக்கூடிய தகவலின் அளவு. ஒட்டுக்கேட்கவே முடியாது என்பதும் சரியல்ல. இழையை வளைத்து, கசியும் ஒளியைப் பிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. ரகசியத் தகவல் என்றால் ஃபைபரிலும் குறியாக்கம் வேண்டும்.

எங்கே தோற்கிறது

மிகப் பெரிய குறை கரண்ட். ஈதர்நெட் செம்புக் கேபிள் டேட்டாவோடு 90 வாட் வரை மின்சாரமும் கொடுக்கும். கேமரா, வைஃபை கருவி, மேசை போன் எல்லாம் அந்த ஒரே கேபிளில் ஓடுகின்றன. ஃபைபரில் அது நடக்காது. 300 மீட்டர் தள்ளி ஒரு கேமரா வைக்க வேண்டுமானால், கேமராவுக்கு அருகே மின் இணைப்பும், ஒளியைச் செம்புக் கேபிளின் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் மழை புகாத பெட்டியும் தேவைப்படும். இல்லையென்றால் இழைகளோடு செம்புக் கம்பியும் சேர்ந்த ஹைப்ரிட் கேபிள் வேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் மீட்டர் விலையை மட்டும் பார்த்தால் ஃபைபர் மலிவாகத் தெரியும். வீட்டு இணைப்பிலும் இதே கதைதான்: பழைய செம்பு டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கரண்ட் வந்தது, ஃபைபர் இணைப்பில் ஓஎன்டி பெட்டிக்கும் (வீட்டில் ஃபைபர் வந்து முடியும் கருவி) ரவுட்டருக்கும் யுபிஎஸ் இல்லாவிட்டால் மின்வெட்டில் போனும் சேர்ந்து அடங்கிவிடும்.

அடுத்தது, முனை போடுவதும் ஒட்டுவதும். செம்புக்கு ஒரு கிரிம்பிங் கருவி போதும்; ஃபைபருக்கு இழைகளை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரமும் பழகிய கையும் வேண்டும். ஒன்றிரண்டு ஓட்டத்துக்கு இரு முனையிலும் கனெக்டர் போட்டே வரும் கேபிளை வாங்குவது புத்திசாலித்தனம். அளவெடுக்கும்போது ஏற்ற இறக்கம், ரேக்குக்குள் சுற்றும் தூரம் எல்லாம் சேர்த்து 10 சதவீதம் கூட்டுங்கள். கனெக்டர் குழாய்க்குள் நுழையுமா என்றும் முன்பே பாருங்கள்.

எலி கடிப்பதும் மண் தோண்டும் இயந்திரம் அறுப்பதும் செம்புக்கும் உண்டுதான். ஃபைபரில் அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஓடிடிஆர் (ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்து இழப்பையும் தூரத்தையும் காட்டும்) கருவி வேண்டும் என்பதே வித்தியாசம். ஆக, கட்டிடத்துக்குள் 90 மீட்டருக்குள், கரண்டும் கேபிளிலேயே வேண்டிய கருவிக்கும், அடிக்கடி கழற்றி மாட்டும் மேசைக்கும் செம்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இழை, எந்த கனெக்டர்

புதிதாகப் போடுவதென்றால் சிங்கிள் மோட். சர்வர் அறைக்குள் 100 மீட்டருக்குள் முடியும் வேலைக்கு மட்டும் மல்ட்டி மோடை யோசிக்கலாம். ஓஎம்3-இல் 10 ஜிகாபிட் 300 மீட்டர், ஓஎம்4-இல் 400 மீட்டர் போகும். மேலுறை நிறம் உதவும்: மஞ்சள் சிங்கிள் மோட், ஆரஞ்சு பழைய மல்ட்டி மோட், வெளிர் நீலப்பச்சை ஓஎம்3 அல்லது ஓஎம்4. வெளிக் கேபிள்கள் எல்லாமே கறுப்பாக இருக்கும் என்பதால் அங்கே மேலே அச்சடித்திருப்பதைப் படித்தே ஆக வேண்டும். இரண்டு வகையையும் ஒன்றோடொன்று இணைக்கவே கூடாது. 50 மைக்ரான் உட்கருவிலிருந்து வரும் ஒளியை 9 மைக்ரானுக்குள் திணித்தால் மிகப் பெரும்பகுதி வெளியே சிந்திவிடும்.

சிங்கிள் மோடிலும் இரண்டு ரகம் கண்ணில் படும். ஜி.652.டி நீண்ட தூரத்துக்கு. வளைவு ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஜி.657.ஏ1 10 மில்லிமீட்டர் வரையும், ஏ2 7.5 மில்லிமீட்டர் வரையும் தாங்கும். வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மூலைகள் அதிகம் என்பதால் அங்கே ஜி.657. இவற்றை ஜி.652.டி-யோடு தாராளமாக ஒட்டலாம்.

இழைகளின் எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். 2 இழை தேவை என்றால் 6 அல்லது 12 இழைக் கேபிள் போடுங்கள். குழி தோண்டுவதும் குழாய் பதிப்பதும்தான் பெரிய செலவு, கூடுதல் இழை அல்ல. வெளிக் கேபிளைக் கட்டிடத்துக்குள் நீள ஓட்டாதீர்கள்: அதன் பாலிஎத்திலீன் உறை தீப்பிடித்துப் பரவும். நுழைந்த உடனே பெட்டி வைத்து, உள்ளே புகை குறைந்த ஹாலஜன் இல்லாத உறையுள்ள கேபிளுக்கு மாறுங்கள். உள் கேபிளை வெயிலில் ஓட்டினால் சில ஆண்டுகளில் உறை வெடிக்கும்.

கனெக்டரில் எல்சி சிறியது, எஸ்சி பெரியது. மாட்யூலுக்கு எது பொருந்துமோ அது. அதைவிட முக்கியம் நிறம். நீலம் யூபிசி, நேரான முனை. பச்சை ஏபிசி, 8 டிகிரி சாய்வாகத் தேய்த்த முனை. சாய்வால் திரும்பும் ஒளி பக்கவாட்டில் போய்விடும். அதனால்தான் வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பச்சை அதிகம். பச்சையை நீலத்தில் செருகினால் மாட்டிக்கொள்ளும், விளக்குகூட எரியலாம். ஆனால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து பல டெசிபெல் போய்விடும், முனையும் கீறிவிடும்.

வாங்குமுன் ஒளிக் கணக்கு

எட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு 10ஜிபேஸ்-எல்ஆர் (10 ஜிகாபிட், 10 கிலோமீட்டர் ரகம்) மாட்யூல் போடுவதாக வைத்துக்கொள்வோம். அது குறைந்தபட்சம் மைனஸ் 8.2 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் ஒளியின் அளவு) ஒளி அனுப்பும். பெறும் பக்கத்துக்குக் குறைந்தது மைனஸ் 14.4 வேண்டும். நடுவில் செலவழிக்கக் கிடைப்பது 6.2 டெசிபெல். கண்ணாடி 8 × 0.35 = 2.8. கேபிள் 4 கிலோமீட்டர் டிரம்மாக வந்தால் நடுவில் ஒரு ஒட்டு, இரு முனையிலும் பிக்டெயில் (ஒரு பக்கம் மட்டும் கனெக்டர் உள்ள துண்டு இழை) ஒட்டு, ஆக மூன்று, ஒன்றுக்கு 0.1 வைத்தால் 0.3. இரண்டு கனெக்டர் இணைப்பு, ஒவ்வொன்றும் 0.5, ஆக 1.0. மொத்தம் 4.1, மிச்சம் 2.1 டெசிபெல். கேபிள் ஒருமுறை அறுந்து நடுவே துண்டு போட்டால் ஒட்டு இரண்டு கூடும், 0.2 போகும். அந்த மிச்சம் இதற்கெல்லாம்தான். மிச்சம் ஒன்றரைக்குக் கீழே இறங்கினால் நாங்கள் அடுத்த ரக மாட்யூலையே தேர்ந்தெடுப்போம்.

ஒளி அதிகமானாலும் கெடுதல். 80 கிலோமீட்டர் மாட்யூலைப் பக்கத்து அறைக்கு மாட்டினால் எதிர்முனையின் ரிசீவர் எரிந்துபோகலாம். நடுவே ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போட்ட பிறகே மாட்ட வேண்டும்.

ஒரே இழையின் ஒளியை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஜிபான் எனும் ஃபைபர் வலையில் கணக்கின் எடை வேறு பக்கம் சாய்கிறது. பி+ ரக மாட்யூலுக்கு 28 டெசிபெல் கிடைக்கும். 1:32 ஸ்ப்ளிட்டர் மட்டும் ஏறக்குறைய 17-ஐத் தின்றுவிடும். அது 48 கிலோமீட்டர் கண்ணாடியின் இழப்புக்குச் சமம். ஆகவே அங்கே தூரத்தைவிட, எத்தனை வீட்டுக்குப் பிரிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இழுப்பதும் வளைப்பதும்

கேபிளை இழுக்கும்போது பலம் தாங்குவது உள்ளே இருக்கும் மஞ்சள் அராமிட் நூல். உறையைப் பிடித்து இழுத்தால் உறை நீண்டு, இழை உள்ளே திணறும். நூலைப் பிரித்து இழுகயிற்றில் கட்டி, நடுவே சுழலும் கொக்கி ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் கயிற்றின் முறுக்கு கேபிளுக்கு ஏறும். தரையில் இறக்கி வைக்க வேண்டியிருந்தால் எட்டு வடிவத்தில் அடுக்குங்கள். ஒரே பக்கமாகச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றும் ஒரு முறுக்காகச் சேரும். எட்டில் ஒரு பாதி முறுக்கை மறு பாதி எடுத்துவிடும்.

இழுக்கும்போது வளைவு ஆரம் கேபிள் விட்டத்தைப் போல் 20 மடங்கு, வைத்த பிறகு 10 மடங்கு. 10 மில்லிமீட்டர் கேபிளுக்கு 200, பிறகு 100 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டாதீர்கள். வெல்க்ரோ பட்டை போதும். இறுகிய டை கண்ணுக்குத் தெரியாத நுண்வளைவை உண்டாக்கும். குளிர்காலத்தில் உறை சுருங்கும்போதுதான் அது இழப்பாக வெளிப்படும். ஜாயின்ட் பெட்டி வரும் இடத்தில் இரு பக்கமும் 10 மீட்டராவது உபரி விடுங்கள். ஒட்டும் வேலை கம்பத்தின் மேல் நடப்பதில்லை, கீழே மேசையில்தான் நடக்கிறது.

ஒட்டும் முறை

1. பாதுகாப்பு ஸ்லீவை முதலில் இழையில் கோத்துவிடுங்கள். மறந்தால் நன்றாக விழுந்த ஒட்டைத் திரும்ப வெட்ட வேண்டியதுதான்.

2. 250 மைக்ரான் வண்ணப் பூச்சை 30 முதல் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு உரியுங்கள். ஸ்ட்ரிப்பரைச் சற்றுச் சாய்த்து ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். மிஞ்சுவது 125 மைக்ரான் வெறும் கண்ணாடி.

3. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். சுத்தமான கண்ணாடி துணியில் கீச்சென்று சத்தம் போடும். மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர் கலந்த ஆல்கஹால் கறை விடும்.

4. கிளீவரில் (இழை முனையை நேராக வெட்டும் கருவி) வைத்து வெட்டுங்கள். வெட்டிய பிறகு துடைக்கவோ எங்கும் படவோ விடக் கூடாது, நேராக இயந்திரத்துக்கு. திரையில் வெட்டுக்கோணம் காட்டும். ஒரு டிகிரிக்கு மேலிருந்தால் மீண்டும் வெட்டுங்கள். தொடர்ந்து கோணம் மோசமாக வந்தால் கிளீவர் பிளேடை அடுத்த இடத்துக்குத் திருப்ப வேண்டிய நேரம்.

5. ஒட்டியதும் திரையில் 0.02 என்று வந்தால் அது கேமராப் படத்தைப் பார்த்து இயந்திரம் போட்ட மதிப்பீடு. உண்மை இழப்பை ஓடிடிஆர்தான் சொல்லும். குமிழி தெரிந்தால் முனையில் அழுக்கு அல்லது மோசமான வெட்டு. ஒட்டு மெலிந்தோ தடித்தோ விழுந்தால் இயந்திரத்தின் ஆர்க் (இழையை உருக்கும் மின்பொறி) அளவைச் சரிசெய்யும் சோதனையை ஓட்டுங்கள். எலெக்ட்ரோடு தேய்ந்திருந்தாலும் இப்படி வரும்.

6. ஸ்லீவை ஒட்டின் நடுவுக்கு நகர்த்திச் சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு தட்டில் வையுங்கள். சூட்டோடு வளைத்தால் உள்ளேயே வளைந்து இறுகிவிடும்.

வெட்டி விழும் கண்ணாடித் துண்டு தோலில் குத்தினால் கண்ணுக்கே தெரியாது. கறுப்பு விரிப்பு, மூடியுள்ள டப்பா, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். வேலை மேசையில் சாப்பாடு வேண்டாம். ஒளி ஓடும் இழையின் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். அந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுடும். ஒளி வருகிறதா என்று பவர் மீட்டரைக் கேளுங்கள்.

முனையின் அழுக்கு

ஃபைபர் பழுதுகளில் பாதிக்கு மேல் கண்ணாடியில் இல்லை, முனையில் இருக்கிறது என்று நினைத்தே தேட ஆரம்பிக்கலாம். ஒளி போகும் வட்டம் 9 மைக்ரான்தான். விரல் பட்ட எண்ணெய், மூடியிலிருந்து ஒட்டிய ஒரு துகள், இவையே அதை மறைத்துவிடும். இரு முனைகள் அழுந்தும்போது நடுவில் சிக்கிய துகள் கண்ணாடியில் குழி போடும். அதன் பிறகு துடைத்தும் பயன் இல்லை. புதிதாகப் பிரித்த பேட்ச் கார்டும் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டைக் கேபிள்) சுத்தம் என்று நம்பக் கூடாது, மூடிக்குள்ளேயே தூசு இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், உலர் கிளீனரால் ஒரு அழுத்து, மீண்டும் பாருங்கள். போகவில்லை என்றால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உடனே உலர்த்துங்கள். பெட்டியில் உள்ள எதிர்முனையையும் இப்படியே செய்ய வேண்டும். கையில் இருப்பதை மட்டும் துடைத்தால் அங்கிருக்கும் அழுக்கு இதில் ஏறும். வாயால் ஊதினால் எச்சில் ஒட்டும்.

சோதிப்பதும் பழுது தேடுவதும்

ஓஎன்டி பெட்டியில் எல்ஓஎஸ் சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. முதலில் பெட்டிக்குப் பின்னால் பாருங்கள். மேசையைச் சுவரோடு தள்ளியதில் பேட்ச் கார்டு கனெக்டரின் கழுத்திலேயே மடங்கியிருக்கும். வீட்டுப் பழுதுகளில் இதைத்தான் அடிக்கடி காணலாம். நேராக்கினால் சரியாகும், உள்ளே விரிசல் விட்டிருந்தால் கார்டை மாற்ற வேண்டும். பிறகு முனையைச் சுத்தம் செய்து பவர் மீட்டரை 1490 நானோமீட்டருக்கு வைத்து அளவெடுங்கள். மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் இடையே வர வேண்டும். மைனஸ் 25-க்கும் கீழே இறங்கினால் இன்று ஓடினாலும் மழைக்காலத்தில் விட்டுவிட்டு வரும்.

சில மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் உடைசலைச் சிவப்பு லேசர் பேனாவால் பார்க்கலாம். உடைந்த இடத்தில் உறையைத் தாண்டிச் சிவப்பு தெரியும். கறுப்பு உறையில் தெரியாது.

நீண்ட தடத்துக்கு ஓடிடிஆர். கருவியை நேராகக் கேபிளில் செருகினால் முதல் கனெக்டர் அதன் குருட்டுப் பகுதியில் (கருவியால் பார்க்க முடியாத தொடக்கத் தூரம்) ஒளிந்துவிடும். முன்னால் குறைந்தது 150 மீட்டர் தனி இழைச் சுருளைச் சேர்த்து எடுங்கள். ஒளிவிலகல் எண் 1.468 அல்லது கேபிள்காரர் சொல்லும் எண். 1310, 1550 இரண்டிலும் எடுங்கள். ஒரு இடத்தில் 1550-இல் இழப்பு அதிகமாகவும் 1310-இல் குறைவாகவும் இருந்தால் அங்கே கேபிள் மடங்கியிருக்கிறது. இரண்டிலும் சமமாக இருந்தால் ஒட்டு சரியில்லை. தோண்டுவதா, பெட்டியைத் திறப்பதா என்பதை இந்த ஒரு வித்தியாசமே சொல்லிவிடும். சில ஒட்டுகளில் ஒளி கூடியது போல் கோடு மேலே ஏறும். இரண்டு இழைகளும் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு வேறுபடுவதால் வரும் தோற்றம் அது; எதிர்முனையிலிருந்தும் எடுத்துச் சராசரி பாருங்கள்.

ஓடிடிஆர் 2,140 மீட்டர் என்று காட்டினால் தரையில் 2,140 மீட்டரில் தோண்டக் கூடாது. கேபிளுக்குள் இழை லேசாகச் சுழன்று போகிறது, ஜாயின்ட் பெட்டிகளில் உபரிச் சுருள் இருக்கிறது. தரையில் தூரம் அதைவிடக் குறைவு. உறையில் மீட்டருக்கு மீட்டர் அச்சடித்த எண்களை ஒவ்வொரு பெட்டியிலும் குறித்து வைத்திருந்தால், அருகிலுள்ள பெட்டியிலிருந்து எத்தனை மீட்டர் என்று கழித்துப் பார்க்கலாம். வேலை முடிந்த அன்றே ஒவ்வொரு இழையின் ஓடிடிஆர் கோப்பையும் அந்த எண்களோடு சேர்த்துச் சேமித்து, இரு முனைப் பெட்டிகளிலும் இழை எண்ணை எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.